அப்பத்தாவின் கண்டாங்கி என்ன நிறம்?

செட்டிநாட்டில், எங்கள் பள்ளத்தூர் வீட்டு முகப்பில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. வளவு என்கிற நடுமுற்றத்து வாசலில் பொங்கல் பானை, தரையில் நடுவீட்டுக் கோலம், மூன்றாவது தூணோரம் முப்பது வயது அப்பத்தா, கையில் அகப்பை. கட்டியிருப்பது அரக்குக் கண்டாங்கி. ஐயா (அப்பாவின் அப்பா) எடுத்த ஸ்லைடிலிருந்து, அதாவது அட்டைச் சட்டத்தில் செருகிய படச்சுருள் துண்டிலிருந்து, தொண்ணூறுகளில் யாரோ பெரிதாக்கிச் சட்டம் போட்ட படம் அது. நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தச் சேலை அரக்குதான். கல்யாணத்துக்கு வரும் உறவுக்காரர்கள் முகப்பில் நின்று பார்த்துவிட்டு, “ஆச்சிக்கு அரக்கு என்னமா எடுக்குது” என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அப்பத்தாவுக்கு எண்பது வயது ஆனபோது, பேரன் பேத்திகள் எல்லாரும் பணம் போட்டு, காரைக்குடியில் ஒரு நெசவாளரிடம் அந்தப் படத்தைக் காட்டி, அதே போல ஒரு அரக்குக் கண்டாங்கி நெய்து வாங்கினோம். அப்பத்தா அதைக் கட்டிக்கொண்டு அதே தூணோரம் நின்றார். நாங்கள் படம் எடுத்தோம். எல்லாருக்கும் சந்தோஷம்.

முகப்புப் படத்தில் இருக்கும் அந்தச் சேலை அரக்கு இல்லை. இது எனக்குத் தெரிந்து ஆறு மாதம் ஆகிறது. இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஐயா மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன தலைமுறை. அடுத்தாளாக, அதாவது உதவியாளராகப் போய், மேலாளாக, அதாவது பொறுப்பாளராக ஆனவர். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவார். அப்படி வரும்போதெல்லாம் கழுத்தில் கேமரா தொங்கும். அங்கே எடுத்தது பாதி, இங்கே எடுத்தது பாதி என்று மொத்தம் 412 ஸ்லைடுகள், நான்கு பிஸ்கட் டின்களில். அப்பச்சி (எங்கள் அப்பா) சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில், ஐயா ஊருக்கு வந்த இரண்டாம் நாள் இரவு வளவில் கயிறு கட்டி, எட்டு முழ வேட்டியைத் திரையாகத் தொங்கவிட்டு, புரொஜெக்டரில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவாராம். பினாங்கு தைப்பூச வெள்ளித் தேர், நம் ஆட்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கி, அங்குள்ள கடைத்தெரு, அப்புறம் நம் வீடு, நம் ஆட்கள். பல்பு எரிந்துபோன பிறகு யாரும் புதுப் பல்பு வாங்கவில்லை. டின்கள் மேல்மாடி அறைக்குப் போய்விட்டன. ஓட்டுக்கு அடியில், சித்திரை வைகாசி வெக்கையில், ஐப்பசி ஈரத்தில், நாற்பது வருஷத்துக்கு மேல். படச்சுருளின் சாயத்துக்கு வெப்பமும் ஈரமும்தான் முதல் எதிரிகள் என்பது அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

முதலில் நான் செய்தது, எல்லாரும் செய்வதுதான். ஒரு கடையில் கொடுத்தேன். பத்து நாளில் பென்டிரைவ் வந்தது. திறந்து பார்த்தால் எல்லாப் படமும் பளீரென்று இருக்கிறது; ஆனால் எங்கள் வீடு எங்கள் வீடாக இல்லை. வளவுத் தரை சிமெண்ட் நிறத்தில் இருந்தது. கண்ணாடித் தட்டில் நிறத்தை ஊற்றிக் கையால் வார்க்கும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, அதுவும் செங்காவி நிறம் ஓங்கிய தரை, எப்படிச் சாம்பலாகும்? இருபது முப்பது படங்கள் இடம் வலம் மாறியிருந்தன. ஐயாவின் கைக்கடிகாரம் வலது கையில், சுவரில் தொங்கும் காலண்டரில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவது போல. ஸ்லைடுகளைத் திரும்பக் கொடுத்தபோது நான்கு டின்னில் இருந்ததும் ஒரே பிளாஸ்டிக் கவரில் கலந்து கிடந்தது. நல்லவேளை, அட்டைச் சட்டங்களை யாரும் பிரித்துப் போடவில்லை. ஒவ்வொரு சட்டத்திலும் படத்தின் எண்ணும், கழுவிய மாதமும் வருஷமும் அச்சாகியிருக்கும். சிலவற்றில் ஐயாவின் பென்சில் எழுத்து. அவற்றை வைத்து வரிசையைத் திருப்பிக் கொண்டுவர எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஸ்லைடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்தச் சட்டத்தையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்தும் தேதியும் ஸ்கேன் செய்த கோப்பில் வராது.

நானே உட்கார்ந்தது

அப்புறம் நண்பர் ஒருவரிடம் எப்சன் வி600 ஸ்கேனரை இரவல் வாங்கி, நானே உட்கார்ந்தேன். ஒரு தடவைக்கு நான்கு ஸ்லைடு வைக்கலாம். 3200 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 3200 புள்ளி) எடுத்தால், கட்டைவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிய அந்தப் படம் நீளவாக்கில் 4500 புள்ளிக்குப் பக்கத்தில் வரும். சுருக்காத கோப்பாக, ஒரு நிறத்துக்கு 16 பிட் வைத்துச் சேமித்தால் ஒன்று 80 எம்பி போல ஆகிறது. 412க்கும் சேர்த்து 33 ஜிபி. இன்றைக்கு இது ஒரு இடமே இல்லை. கடைக்காரர் 1 எம்பிக்குச் சுருக்கிக் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இதுதான்: பிறகு நிறத்தைச் சரிசெய்ய வேண்டும் என்றால் அதில் எதுவும் மிச்சம் இருக்காது.

ஸ்கேன் செய்யும் நேரத்தைவிடத் துடைக்கும் நேரம் அதிகம். ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடித்து, மென்மையான தூரிகையால் ஒரு வருடல், அவ்வளவுதான். சில ஸ்லைடுகளில் பூஞ்சை சிலந்தி வலை போலப் படர்ந்திருந்தது. கை பரபரக்கும், ஈரத் துணியால் துடைக்கத் தோன்றும், கூடாது. படத்தைத் தாங்கி நிற்பது ஜெலட்டின். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். பூஞ்சையோடு சேர்ந்து முகமும் வந்துவிடும். எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும்: வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு பக்கம் பளபளக்கும், மறுபக்கம் மங்கலாக, லேசாக மேடு பள்ளமாகத் தெரியும். அந்த மங்கல் பக்கம்தான் படம் உட்கார்ந்திருக்கும் பக்கம். அது மாறினால்தான் கைக்கடிகாரம் கை மாறும்.

இரண்டு நாளிலேயே ஒன்று புரிந்துவிட்டது. நான்கு டின்னும் ஒரே அறையில், ஒரே வெக்கையில்தான் இருந்தன. ஆனால் இரண்டு டின்னில் இருந்த படங்கள் நேற்று எடுத்தது போல இருந்தன. மற்ற இரண்டும் சிவந்துபோயிருந்தன. சட்டத்தைப் பார்த்தால், பிழைத்தவை கோடாக்ரோம், சிவந்தவை எக்டாக்ரோம்; இரண்டும் கோடாக் நிறுவனத்தின் படச்சுருள்கள். 1936இல் ஸ்லைடுக்கு வந்த கோடாக்ரோம் விசித்திரமான படச்சுருள். அதைக் கண்டுபிடித்த லியோபோல்ட் காடோவ்ஸ்கி, லியோபோல்ட் மேன்ஸ் இருவரும் சங்கீதக்காரர்கள். மற்ற பெரும்பாலான வண்ணச் சுருள்களில் சாயத்துக்கான மூலப்பொருள் சுருளுக்குள்ளேயே இருக்கும். கோடாக்ரோமில் கழுவும்போதுதான் அது உள்ளே போகும். வேலை முடிந்ததும் மிச்சம் எதுவும் தங்காது. இருட்டில் வைத்திருந்தால் அதன் நிறம் அவ்வளவு லேசில் போகாது. பினாங்கு வெள்ளித் தேரில் வெள்ளி இன்னும் வெள்ளியாகவே இருக்கிறது. ஆனால் புரொஜெக்டர் வெளிச்சம் அதற்கு ஆகாது. அப்பச்சி சின்னப் பிள்ளையாக மரக்குதிரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு படம், வேட்டித் திரையில் ஐயா திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டிய படம், அது மட்டும் அந்த டின்னிலேயே வெளிறிக் கிடக்கிறது.

டின்னின் அடியில் கழுவாத கோடாக்ரோம் சுருள் ஒன்றும் இருந்தது. எடுத்து முடித்த சுருள். அதைக் கழுவும் வேலையைக் கடைசியாகச் செய்துவந்தது அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற ஊரில் இருந்த ஒரு கூடம். 2010 டிசம்பர் 30ஆம் தேதியோடு அவர்களும் சுருள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். இனி அதிலிருந்து கறுப்பு வெள்ளையில் ஏதாவது வந்தால் உண்டு, வண்ணம் வராது. ஐயா கடைசியாகப் பார்த்த நிறங்கள் அதற்குள் இருக்கின்றன. அந்தச் சுருளை நான் ஒரு சின்ன டப்பியில் போட்டு என் மேசையில் வைத்திருக்கிறேன்.

137ஆம் எண்

முகப்புப் படத்தின் மூல ஸ்லைடு 137ஆம் எண். எக்டாக்ரோம். சட்டத்தில் ‘மே 67’ என்று ஆங்கிலத்தில் முத்திரை, பக்கத்தில் ஐயா எழுத்தில் ‘வளவு – பொங்கல்’. பொங்கல் எப்படி மேயில் வரும் என்று முதலில் குழம்பினேன். பாதி எடுத்த சுருளோடு ஐயா மலாயாவுக்கு ரஜூலா கப்பல் ஏறியிருக்கிறார். மீதியை அங்கே எடுத்து முடித்துக் கழுவக் கொடுத்திருக்கிறார். அது கழுவிய தேதி.

அந்த ஸ்லைடில் எல்லாமே சிவப்பு. வண்ண ஸ்லைடில் இருப்பது மூன்றே சாயம்: ஆகாய நீலம் போன்ற சயான், கருஞ்சிவப்பான மெஜந்தா, மஞ்சள். இந்த மூன்றும் சேர்ந்துதான் மற்ற எல்லா நிறமும். பழைய எக்டாக்ரோமில் சயான் முதலில் போய்விடும். சிவப்பு வெளிச்சத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது அதுதான். அது மெலிந்ததும் கறுப்பாக இருக்க வேண்டிய இடம்கூடச் சிவப்பாகத் தெரிகிறது. அப்பத்தாவின் கொண்டையே கருஞ்சிவப்பாக இருந்தது.

ஸ்கேனரில் நிறத்தைத் தானாகத் திருத்தும் பொத்தான் இருக்கிறது. கடைக்காரர் செய்ததும் அதைத்தான் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட பொத்தான்கள் பெரும்பாலும் போடும் கணக்கு இது: ஒரு படத்தில் உள்ள எல்லா நிறத்தையும் கலந்தால் சாம்பல் வர வேண்டும். கடற்கரைப் படத்துக்கு அது சரிப்படலாம். எங்கள் வளவில், படத்தில் பாதி தரை. தரை நிஜமாகவே சிவப்பு. பொத்தானுக்கு அது தெரியாது. சாயம் போனதால் வந்த சிவப்பையும், ஆத்தங்குடிக்காரர் கண்ணாடித் தட்டில் ஊற்றிய சிவப்பையும் அது ஒன்றாக்கித் துடைத்துவிடுகிறது. அதனால் கையால்தான் செய்ய வேண்டும். எது வெள்ளை, எது கறுப்பு என்று படத்துக்குள்ளேயே தேடிக் காட்ட வேண்டும். எங்கள் படத்தில் வெள்ளைக்கு நடுவீட்டுக் கோலம் இருந்தது, பச்சரிசி மாவில் போட்டது. கறுப்புக்கு அப்பத்தாவின் தலைமுடி.

இதை நான் என் வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்யவில்லை. படங்களில் இருப்பவர்கள் யார் யார் என்று அப்பத்தாவிடம் கேட்டு எழுதிக்கொள்வதற்காக ஒரு சனிக்கிழமை லேப்டாப்போடு பள்ளத்தூர் போயிருந்தேன். பட்டாலையில் அப்பத்தா நாற்காலியில், நான் தரையில், நடுவில் முக்காலி. 137 வந்தது. அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. நானாகவே, “இந்தச் சிவப்பைக் கொஞ்சம் எடுத்துப் பாக்குறேன் அப்பத்தா” என்று கோலத்தில் வெள்ளையைக் குறித்தேன். அப்புறம் கொண்டையில் கறுப்பைக் குறித்தேன். திரையில் சிவப்புப் புகை விலகியது போல இருந்தது. சுண்ணாம்புச் சுவர் வெளுத்தது, பானையில் கட்டிய மஞ்சள் கொத்தின் இலை இலையாகத் தெரிந்தது. சேலை பச்சையாகிவிட்டது.

எங்கோ தப்புச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். “அய்யோ, நிறம் மாறிப்போச்சு” என்று பழையபடி ஆக்கப் போனேன். அப்பத்தா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இரு. அதை மாத்தாத.”

கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு ரொம்பப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். “இதுதாண்டா அந்தச் சேலை. பாசிப்பச்சை, அரக்குக் கரை. எங்க அப்பச்சி எடுத்துக் குடுத்தது. அந்த வருசம் ஆனியில அவுக போயிட்டாக.”

எனக்குப் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ஏன் அப்பத்தா இத்தனை வருசமாச் சொல்லலை?” என்று கேட்டேன்.

“படத்துல சிவப்பாத்தானே இருந்துச்சு. வர்ற ஆளெல்லாம் அரக்கு அரக்குன்னாக. எனக்கே சந்தேகமாப் போச்சு. நாமதான் வேற சேலையை நினைச்சுக்கிட்டிருக்கமோன்னு விட்டுட்டேன். நீங்களும் ஆசையா அரக்கு வாங்கிக் குடுத்திய.”

இந்தப் பதில்தான் என்னை விடவில்லை. ஒரு படம் நிறம் மாறியிருந்தால் என்ன, பழையது அப்படித்தான் இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தச் சிவப்பில் ஒரு பழமையின் அழகு இருப்பதாகக்கூட எனக்குப் பட்டதுண்டு. ஆனால் சட்டம் போட்டு முகப்பில் மாட்டிய ஒரு தப்பான நிறம், தன் அப்பச்சி கடைசியாக எடுத்துக் கொடுத்த சேலையின் நிறத்தை ஒரு மகளிடமே சந்தேகப்பட வைத்திருக்கிறது. முப்பது வருஷம். நாங்கள் எல்லாரும் அந்தச் சந்தேகத்துக்கு நெய்து வேறு கொடுத்திருக்கிறோம்.

பெட்டகத்தில் இருந்தது

“அந்தச் சேலை இருக்கா?” என்று கேட்டேன். இருக்கும், எங்கள் புள்ளிக்கு, அதாவது எங்கள் குடும்பத்துக்கு உரிய அறையில், அடிப்பெட்டகத்தில் வைத்ததாக ஞாபகம் என்றார். அதன் மேல் இரண்டு பெட்டகங்கள் ஏற்றி வைத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. மறுநாள் காலை தெருவிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு இறக்கினோம். பழைய வேட்டியில் சுற்றி, வசம்புத் துண்டு போட்டு, நான்காக மடித்து வைத்திருந்தது. எடுத்த உடனே எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மேலே தெரிந்த மடிப்பு வைக்கோல் நிறத்தில் இருந்தது. அப்பத்தா அதைப் பொருட்படுத்தவே இல்லை. விரல் விட்டு ஒவ்வொரு மடிப்பாகத் திறந்தார், வாழைப்பட்டையை உரிப்பது போல. உள்ளே போகப் போகப் பச்சை ஏறியது. நடு மடிப்பில், வெளிச்சமே படாத இடத்தில், குளத்தடியில் கல்லில் படரும் பாசியின் நிறம். அரக்குக் கரை. குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்புக் கட்டம். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அன்றைக்கு அதைப் படித்தபோது பெருமையாக இருந்தது. உண்மையில் கண்டாங்கி எவ்வளவு அழுத்தமான துணி என்று அந்த நடு மடிப்பைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

அந்த மடிப்பை மேலே வைத்து, சேலையை மூன்றாவது தூணோரம் தரையில் பரப்பினேன். அப்பத்தா நின்ற அதே கல். ஆத்தங்குடிக் கல்லின் நிறம் சிமெண்டோடு கலந்த உலோக ஆக்சைடு. படச்சுருளின் சாயம் மாதிரியோ துணியின் சாயம் மாதிரியோ வெளிறுவதில்லை, மிதிக்க மிதிக்கப் பளபளப்புதான் ஏறும். ஆகவே தரையும் சேலையும் ஒன்றாகத் தெரியும்படி, காலை பத்து மணி வெளிச்சத்தில், பக்கத்தில் நிறத்தைச் சரிபார்க்க ஒரு சாம்பல் அட்டை வைத்துப் படம் எடுத்தேன். பிறகு 137ஐத் திறந்து, சேலையைத் தொடாமல், முதலில் தரையை மட்டும் இந்தப் படத்தின் தரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். கோலத்தை நான் முழு வெள்ளையாக்கியது சரியில்லை என்று அப்போது தெரிந்தது. வளவில் நேர் வெயில் விழாத இடத்தில் ஆகாயத்தின் நீலம்தான் விழும். கோலத்தில் ஒரு துளி நீலம் இருப்பதுதான் இயல்பு. அந்த நீலத்தை விட்டுக்கொடுத்ததும் தரை வந்து பொருந்தியது. சேலை தானாகவே நடு மடிப்பின் நிறத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கொஞ்சம் கூடுதல் அழுத்தம். “அன்னைக்கு முதக் கட்டு, தண்ணி படலை” என்றார் அப்பத்தா.

பச்சைக்கென்று படச்சுருளில் தனிச் சாயம் கிடையாது. சயானும் மஞ்சளும் சேர்ந்தால்தான் பச்சை. சயான் மெலிந்தபோது பச்சை செங்கல் நிறமாக இறங்கியிருக்கிறது. கரை ஏற்கெனவே அரக்கு என்பதால் உடம்பும் அரக்கு என்று எல்லாரும் எடுத்துக்கொண்டோம். முழுக்க அழியவில்லை, கொஞ்சம் மிச்சம் இருந்தது; அதனால்தான் திருப்பிக் கொண்டுவர முடிந்தது. இன்னும் இருபது சித்திரை அந்த மேல்மாடியில் கிடந்திருந்தால் வந்திருக்குமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்போது ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கோப்பு வைக்கிறேன். ஒன்று ஸ்கேனர் கொடுத்தபடி, சிவப்போ பூஞ்சையோ, எதையும் தொடாதது. மற்றது திருத்தியது, எதை வைத்துத் திருத்தினேன் என்பதைக் கோப்புக்கு உள்ளேயே விளக்கக் குறிப்பாகத் தமிழில் எழுதிவிடுகிறேன்: ‘கோலம், கொண்டை, வளவுத் தரை, பெட்டகத்துச் சேலை. நிறம் சொன்னது அப்பத்தா.’ பச்சைப் படத்தைப் பெரிதாக்கி முகப்பில் மாட்டலாமா என்று கேட்டேன். மாட்டு, ஆனால் சிவப்பையும் கழற்றாதே, அதைப் பார்த்துப் பழகிய கண்கள் நிறைய இருக்கின்றன என்றார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. வருகிறவர்கள் கேட்கிறார்கள். அப்பத்தாவே எழுந்து வந்து சொல்கிறார்.

மாதம் இரண்டு சனிக்கிழமை போகிறேன். முறையை மாற்றிக்கொண்டோம். நிறத்தில் கை வைப்பதற்கு முன்னால் கேட்டுவிடுகிறேன். சிவந்த படத்தைப் பார்த்தபடியே அப்பத்தா சொல்வார்: இது சின்ன அயித்தை, மாம்பழ மஞ்சள், இது பெரியப்பச்சியின் வயது நிறைவுச் சாந்திக்கு வந்த பந்தல், நீலமும் வெள்ளையும், அந்தக் கதவு அப்போது பச்சை, பிறகுதான் காவி அடித்தோம். எழுதிக்கொண்ட பிறகுதான் கோலத்தையோ சுவரையோ தேடுகிறேன். பெரும்பாலும் அவர் சொன்னதும் சாயத்தில் மிச்சம் இருப்பதும் ஒன்றாகத்தான் போகின்றன.

போன தடவை 209ஆம் எண் வந்தது. ஊருணிப் படித்துறையில் தாவணி போட்ட ஒரு பெண், முகம் பாதி திரும்பியிருக்கிறது. படத்தில் வெள்ளை என்று சொல்ல எதுவும் இல்லை, கறுப்பு என்று சொல்லவும் இல்லை. அப்பத்தா ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “யாருன்னு தெரியலைடா. தாவணி என்ன நிறமோ.” நான் குறிப்பில் அதை அப்படியே எழுதினேன். படத்தைத் திருத்தவில்லை. சிவப்பாகவே இருக்கிறது.